நாத்தனார் எண்ணெய் விட்ட நாற்காலி

தெருவில் அவளுக்குச் சத்தக்காரி என்று பேர். சண்டைக்காரி என்று நினைத்துவிட வேண்டாம், அவளுக்கு வாய் கம்மிதான். சினிமாவில் ஒருவர் நடக்கிற சத்தம், துணி உதறுகிற சத்தம், நாய் தரையைப் பிராண்டுகிற சத்தம் எல்லாம் படம் எடுக்கும்போது சரியாகப் பதிவாவதில்லை. பிறகு யாராவது திரையைப் பார்த்துக்கொண்டே அத்தனையையும் மறுபடி செய்து பதிய வேண்டும். அந்த யாரோதான் இவள். வீட்டு மாடி அறையில் ஜன்னலுக்கு மெத்தை அடித்து, ஒரு மைக்கை நிறுத்தி, பதினோரு வருஷமாக இந்தப் பிழைப்புதான். மாடியிலிருந்து ஒரு நாள் குதிரை, ஒரு நாள் கொலை என்று கேட்டுக்கொண்டே இருந்தால் தெரு வேறு என்ன பேர் வைக்கும்?

அந்த அறையைப் பற்றிச் சொல்லாமல் கதையை நகர்த்த முடியாது. அறைக்குள் எதையுமே நகர்த்த முடியாது என்பது வேறு விஷயம். செருப்பும் ஷூவுமாக நாற்பத்து மூன்று கிடந்தன; ஜோடி என்று பார்த்தால் ஐந்தோ ஆறோ தேறும். கம்பி ஒடிந்த குடைகள், யாருடைய நெஞ்சு என்றே தெரியாத எக்ஸ்ரே படங்கள், பூட்டு கழன்ற சூட்கேஸ்கள், சூட்கேஸை இழந்த பூட்டுகள், பழைய வீடியோ கேசட்டிலிருந்து உருவிய நாடா மூட்டை மூட்டையாக. கதவிலிருந்து மைக் வரை ஒற்றையடிப் பாதை ஒன்று போகும். காப்பி கொண்டுவரும் கணவன் பக்கவாட்டில் திரும்பித்தான் நடப்பான். மூலையில், எல்லாவற்றுக்கும் பின்னால், ஒரு மர நாற்காலி. அதை வெளியே எடுக்க வழியே இல்லாததால், அதன் சத்தம் தேவைப்படும்போது மைக்கைத்தான் அதனிடம் தூக்கிக்கொண்டு போவாள். இந்த நாற்காலியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வம்பே அதில்தான்.

“எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்” என்று சொல்கிறவர்கள் எல்லோரும் ஒரு நாள் மாட்டிக்கொள்கிறார்கள். அவளும் மாட்டினாள். போன மாதம் ஒரு காட்சியில் புறா பறக்க வேண்டியிருந்தது. புறாவுக்கு அவளிடம் ஒரு ஜோடி தோல் கையுறை உண்டு. இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் படபடவென்று உதறினால், கேட்கிறவர் தலையைக் குனிந்துகொள்வார். அந்தக் கையுறையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் ஒலி இயக்குநர் போன் செய்தார். படத்தின் சத்தம் மொத்தத்துக்கும் அவர்தான் பொறுப்பு; கோபம் வந்தால் குரல் தணிகிற ரகம்.

“ஏம்மா, ஒரு புறா பறக்கறதுக்கு ரெண்டு நாளா?”

“கையுறை கிடைக்கல சார்.”

“அப்படின்னு திரையில எழுதியா போட முடியும்? புறாவுக்குக் கையுறை கிடைக்கலன்னு?” குரல் இன்னும் தணிந்தது. “கடைசிக் காட்சியோட எடிட்டிங் இப்பதான் முடியப்போகுது. அடுத்த வியாழக்கிழமை சாயந்தரம் அஞ்சு மணிக்கு அந்தச் சத்தம் என் கைக்கு வரணும். வரலன்னா மொத்தப் படத்தையும் வேற ஆளை வெச்சுப் பண்ணிக்கறேன்.”

வேறு ஆளுக்கு விட்டுக்கொடுப்பதென்றால் சும்மாவா? அந்தப் படம் அவளுக்கு உயிர். வாய் பேசாத ஒரு கிழவர் படம் முழுக்க ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கோபமென்றால் நாற்காலி ஒரு மாதிரி முனகும், சந்தோஷமென்றால் வேறு மாதிரி. அந்த முனகல் அத்தனையும் அவள் தன் மூலை நாற்காலியில் பதிந்தது. கிழவருக்கு வசனம் எழுதியது யார் என்று கேட்டால் அவள் தன்னைத்தான் சொல்வாள். அதில் பொய்யும் இல்லை. கடைசிக் காட்சியில் கிழவர் போய்விட்டார். மகள் வீட்டுக்கு வந்து, அப்பா இருந்தவரை தான் ஒரு தடவைகூட உட்காராத அந்த நாற்காலியில் உட்காருகிறாள். நாற்பது வினாடி. பாட்டு கிடையாது, பேச்சு கிடையாது, நாற்காலியின் சத்தம் மட்டும். அது சரியாக வந்தால்தான் படம்.

அறையை ஒழித்தே தீருவது என்று அவள் முடிவெடுத்தது அந்தப் போனை வைத்த கையோடுதான். முடிவெடுத்தாளே தவிர, எதைத் தூக்கினாலும் “ஐயோ, இது அழகா கிறீச்சிடுமே” என்று திரும்ப அங்கேயே வைத்தாள். ஐந்து நாள் ஒழித்ததில் ஒரு பிளாஸ்டிக் கவர் வெளியே போனது. ராத்திரி அதையும் எடுத்துவந்துவிட்டாள், நெருப்பு எரிகிற சத்தத்துக்கு ஆகுமாம். பார்த்துக்கொண்டே இருந்த கணவன் தன் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டான்.

நாத்தனார் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து இறங்கினார். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கு இருபத்தாறு வருஷமாக அவர் பொறுப்பில் இருக்கிறது. ஒரு வாரம் லீவு போட்டு, ரப்பர் கையுறையும் மாஸ்க்கும் லேபிள் அச்சடிக்கிற குட்டி மெஷினுமாக வந்திருந்தார். மாடி அறைக் கதவைத் திறந்து உள்ளே பார்த்தவர், மாஸ்க்கை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டார்.

“ஏம்மா, இதுல எது குப்பை?”

“எதுவும் இல்ல அண்ணி.”

“சரி, எது வேணும்?”

“எல்லாமே.”

“அப்போ நான் எதுக்கு வந்தேன்?”

கணவனின் வலது கால் தரையை அழுத்தியது. அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். நாள் முழுக்க யாரோ ஓட்ட, பக்கத்து சீட்டில் தனி பிரேக்கோடு உட்கார்ந்திருப்பவன். வீட்டிலும் ஆபத்து தெரிந்தால் கால் தானாகப் போகும். “எனக்கு ஒன்பது மணிக்குக் கிளாஸ்” என்று சொல்லிவிட்டு அவன் நழுவியபோது மணி எட்டேகால்.

“கிடங்குல எங்களுக்கு ரெண்டே சட்டம்தான்” என்றார் நாத்தனார். “ஒரே மாதிரிப் பொருள் ஒரே இடத்துல. கெட்டுப்போனது, உடைஞ்சது வெளியில. கரண்ட் போனாலும் கை போய் எடுக்கணும், அப்படி இருக்கும் எங்க அலமாரி.” பிறகு தரையைக் காலால் தட்டிப் பார்த்தார். பழைய மரத்தரை, அங்கங்கே பலகை உளுத்திருந்தது. “இதையும் மாத்திடலாம். இடம் காலியானதும் வெள்ளிக்கிழமை தச்சரை வரச் சொல்றேன்.”

மனுஷி வேலையில் புலி. பதினோரு மணிக்குள் புறாவைக் கண்டுபிடித்துவிட்டார். அது ஒரு ஒற்றை பூட்ஸுக்குள் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு அவள் கீழே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோது, மேஜை மேல் டப்பாக்கள் வரிசையாக நின்றன. ஒன்றில் பேப்பர் கிளிப்புகள். ஒன்றில் நூல் கையுறைகள். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“அண்ணி, இந்தக் கையுறையில விரல் விரலா கிளிப் ஒட்டியிருந்துச்சே?”

“ஆமா, என்ன கண்றாவியோ. பிரிச்சு எடுத்துத் தனித்தனியா போட்டுட்டேன்.”

“அது நாய் அண்ணி.”

“எது?”

அவள் பத்துக் கிளிப்பையும் எடுத்து விரல் நுனிகளில் மறுபடி டேப் போட்டு ஒட்டினாள், கையில் மாட்டினாள், “கண்ணை மூடிக்கோங்க” என்றாள். நாத்தனார் மூடினார். தரையில் விரல்கள் நடந்தன. டக்டக், டக்டக், கொஞ்சம் நின்று, சுற்றி வந்து, மறுபடி டக்டக். நாத்தனார் சட்டென்று சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். கண்ணைத் திறந்து, முழங்காலில் குனிந்திருந்த தம்பி பெண்டாட்டியைப் பார்த்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“இன்னொண்ணு பண்ணு” என்றார்.

அதற்கப்புறம் ஒழிக்கிற வேலை எங்கே நடந்தது? சோள மாவுப் பையை அழுத்தினால் பனியில் ஒருவர் நடந்தார். நாடா மூட்டையை மிதித்தால் உயரமான புல்லுக்குள் யாரோ பதுங்கினார்கள். எக்ஸ்ரே படத்தை நாத்தனாரே வாங்கி ஆட்டிப் பார்த்தார், இடி முழங்கியது. ஆட்டிவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “இவருக்கு நெஞ்சுல சளி இருந்திருக்கு, பாவம்” என்றார்.

“நிஜப் புறாவையே பதிஞ்சா என்னம்மா?”

“அது கையுறை மாதிரி கேக்கும் அண்ணி.”

அன்று சாயங்காலம் ஓர் ஒப்பந்தம் ஆனது. பொருள் எதுவாக இருந்தாலும் சரி, அது என்னவாகக் கேட்கிறதோ அந்தப் பேரில் அடுக்குவது; எதுவாகவும் கேட்காதது வெளியே. கிளிப் கிளிப்போடு சேராது, நாயோடு சேரும். நாத்தனாருக்கு இதில் புது உற்சாகமே பிறந்துவிட்டது. மெஷின் கிர்கிர்ரென்று லேபிள் துப்பியது. நாய். புறா. மழை, சின்னது. மழை, தகரத்தின் மேல். செருப்புகளைத்தான் பிரிக்க முடியாமல் திணறினார். ஒவ்வொன்றையும் கையில் மாட்டித் தட்டிப் பார்த்து, கடைசியில் “கோபமாப் போறவர்”, “கடன்காரன்”, “புது மாப்பிள்ளை” என்று அச்சடித்தார். அவள் பதினோரு வருஷத்தில் அந்த அறையில் இவ்வளவு சிரித்ததில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் இல்லை. கடைசிக் காட்சியைப் பார்க்க ஒலி இயக்குநர் கூப்பிட்டிருந்தார். போய்ப் பார்த்தாள். திரையில் மகள் நாற்காலியின் கையைத் தொடுகிறாள், எடுத்துவிடுகிறாள், நுனியில் உட்காருகிறாள், கடைசியில் மெல்லச் சாய்கிறாள். மூன்று தடவை போட்டுப் பார்த்தார்கள். “வியாழக்கிழமை அஞ்சு மணி” என்றார் இயக்குநர், தணிந்த குரலில்.

திரும்பி வந்து மாடி ஏறியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அறையில் தரை தெரிந்தது! முக்கால் அறை காலி. அலமாரியில் டப்பாக்கள், டப்பாவுக்கு ஒரு லேபிள். வேண்டாதவற்றை மூட்டை கட்டி மூலையில் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார் நாத்தனார். ஜன்னலோரமாக, துடைத்துப் பளபளவென்று, மர நாற்காலி.

“வா, வந்து உக்காந்து பாரு” என்றார் நாத்தனார். முகமெல்லாம் பெருமை. “மூலையிலேர்ந்து இழுக்கும்போதே என்ன கத்து கத்துச்சு தெரியுமா? மூட்டு மூட்டா எண்ணெய் விட்டு, திருகாணியெல்லாம் முறுக்கிட்டேன்.”

அவள் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடினாள். சின்ன முனகல்கூட இல்லை. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

சொந்த அக்காவாக இருந்தால் “அறிவிருக்கா உனக்கு” என்று கத்தியிருக்கலாம். நாத்தனாரிடம் கத்த முடியுமா? லீவு போட்டு வந்து, தூசியில் தும்மித் தும்மி, நல்லது என்று நினைத்துச் செய்தவர். “நல்லா இருக்கு அண்ணி” என்றாள். பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள். அழுகைச் சத்தத்தை எந்தச் சத்தம் மூடும் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனால் இருபது நிமிஷம் குழாய் ஓடினால் யாருக்கும் தெரியும். வேலை முடிந்து வந்த கணவன் கதவைத் தட்டினான், விஷயத்தைக் கேட்டான், கூடத்துக்கு வந்து அக்காவிடம் சொன்னான். சொல்லும்போது வலது கால் அழுந்திக்கொண்டே இருந்தது.

“அதை உடைஞ்சதுன்னு நினைச்சுட்டேன்டா” என்றார் நாத்தனார்.

“ஏற்கெனவே பதிஞ்சது இருக்கே, அதையே வெட்டி ஒட்டினா என்ன?” என்று கணவன் கேட்டான்.

“அது அவர் உக்கார்ற சத்தம்” என்றாள் அவள், முகத்தைத் துடைத்துக்கொண்டே. “இவ உக்கார்றது வேறங்க. காது கண்டுபிடிச்சிடும்.”

புதன்கிழமை முழுக்க அந்த நாற்காலிக்கு வைத்தியம் நடந்தது. சோப்புத் தண்ணீரில் எண்ணெயைக் கழுவினார்கள். திருகாணிகளைத் தளர்த்தினார்கள். மூட்டுகளில் சாக்பீஸ் பொடி போட்டார்கள். மொட்டைமாடி வெயிலில் காயவைத்தார்கள். நாற்காலி கொஞ்சம் ஆடியது, அவ்வளவுதான். பிடிவாதக்காரப் பிள்ளையை வாய் திறக்க வைப்பதுபோல அவள் அதனிடம் கெஞ்சாத குறை.

மத்தியானம் நாத்தனாரைக் காணோம். இரண்டு மணி நேரம் கழித்து வந்தார், கையில் ஒரு தாள். தெரு முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறார். இருபத்தாறு வருஷம் டாக்டர்களையே நிற்கவைத்துப் பேசிய மனுஷி, முன்பின் தெரியாதவர்கள் வீட்டு மணியை அடித்து, “உங்க நாற்காலியில ஒரு தடவை உக்காந்து பாத்துக்கட்டுமா?” என்று கேட்டிருக்கிறார்.

“பதினாலு நாற்காலி” என்று தாளைப் பார்த்துப் படித்தார். “பல் டாக்டர் வீட்டுது கத்துது, ஆனா வாத்து மாதிரி. தபால்காரர் வீட்டுல உக்காந்ததும் கால் உடைஞ்சிடுச்சு, மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன். மஞ்ச கேட் வீட்டுது முனகுது. அதுல உக்காந்திருந்த பெரியவர்தான் முனகினாரோ என்னவோ, எழுந்திருக்க மாட்டேன்னுட்டார்.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மனசுக்குள் இருந்த கோபம் கரைந்தது அப்போதுதான். ஒன்றிரண்டை இரவல் வாங்கிவந்து பதிந்தும் பார்த்தார்கள். எதுவும் கிழவரின் நாற்காலியாக ஒத்துவரவில்லை. ஒன்றரை மணி நேரம் ஒரு குரலைக் கேட்ட ஜனங்களிடம் கடைசியில் வேறு குரலைக் கொண்டுபோய் நிறுத்த முடியுமா?

வியாழக்கிழமை காலை அவள் போனைக் கையில் எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். “பழைய சாமான் வண்டி பத்து மணிக்கு வருது. மூட்டையை இறக்கிட்டு வந்து பேசறேன்” என்று தனக்கே தவணை சொல்லிக்கொண்டாள். மூவருமாக மூட்டைகளை இறக்கினார்கள். மூலை காலியானது. வண்டி போயிற்று. அவள் கூடத்தில் உட்கார்ந்து இயக்குநரின் எண்ணைத் தேடினாள். மேலே நாத்தனார் கடைசியாக மிஞ்சிய செருப்புப் பெட்டியை அந்த மூலையில் வைக்கப் போனார்.

க்ர்ர்ர்... ங்.

அவள் கையிலிருந்து போன் நழுவியது. அந்தக் குரல்! கிழவர் யோசிக்கும்போது வருகிற அதே முனகல், நுனியில் கொஞ்சம் மூக்கால் முடிகிற அதே இழுவை. “அண்ணி! அசையாதீங்க!” என்று கத்திக்கொண்டே இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். ஏறிப் பார்த்தால் நாற்காலி ஜன்னலோரம் பேசாமல் இருக்கிறது. நாத்தனார் மூலையில், பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாகச் சிலை போல நிற்கிறார்.

“நான் எதையும் தொடலம்மா!” என்றார் பயந்துபோய்.

“கால்... முன்கால்ல சாயுங்க. மெதுவா.”

சாய்ந்தார். தரைப் பலகை முனகியது.

அவள் மண்டியிட்டாள். பலகையில் காதை வைத்தாள். கையால் அழுத்தினாள், விட்டாள், அழுத்தினாள். பதினோரு வருஷம்! காதை வைத்துப் பிழைக்கிறவள். தன் அறையிலேயே, தானே படம் முழுக்கப் பதிந்த ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இருந்திருக்கிறாள். நாற்காலியின் முன்கால் இந்தப் பலகை மேல் நின்றது. ஆள் ஆடினால் பலகை முனகியது. நாற்காலி வாயைத் திறந்ததே இல்லை. சுற்றிலும் சாமான் மலையாகக் குவிந்து கிடந்ததால் அதை ஒரு விரற்கடை நகர்த்திப் பார்க்க வழியில்லாமல் போயிற்று.

“நான்தான் முட்டாள்” என்றார் நாத்தனார். “எண்ணெயும் விட்டேன், இடத்தையும் மாத்தினேன். ரெண்டு மருந்தைச் சேர்த்துக் குடுத்தா எது வேலை செஞ்சுதுன்னு யாருக்குத் தெரியும்? எங்க கிடங்குல சின்னப் பொண்ணுகூட இதைச் சொல்லும்.”

நாற்காலி பழைய இடத்துக்குப் போனது. மைக் வந்தது, திரை வந்தது. அவள் உட்கார்ந்தாள். நாற்காலி அதே பழைய குரலில் முனகியது. கணவன் கைதட்டினான். ஆனால் பதிந்ததைப் போட்டுக் கேட்டுவிட்டு அவள் தலையை ஆட்டினாள். மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி. மணி மூன்றே கால் ஆகியும் முகம் தெளியவில்லை.

“நல்லாத்தானே இருக்கு?” என்றான் கணவன்.

“இது என் நாற்காலிங்க. எனக்கு இதுல உக்காரப் பயமே இல்ல. அந்தப் பொண்ணு பயந்துக்கிட்டு உக்கார்றா. நான் நடிக்கிறது கேக்குது.”

எதிரில் நாத்தனார் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவர் அந்த நாற்காலியைத் துணியால்கூடத் தொடவில்லை. அவள் அவரையே பார்த்தாள்.

“அண்ணி, நீங்க உக்காருங்க.”

“நானா? வேண்டாம்மா. மறுபடி ஏதாவது ஆயிடுச்சுன்னா?”

“அந்தப் பொண்ணைத் திரையில பாருங்க. அவ கை வைக்கும்போது கை வைங்க. அவ்வளவுதான்.”

படம் ஓடியது. நாத்தனார் நாற்காலியின் கையைத் தொட்டார். சுட்டதுபோல எடுத்துவிட்டார். யாரும் சொல்லித்தரவில்லை, அவர் திரையைப் பார்த்தாரா என்பதே சந்தேகம். நுனியில் உட்கார்ந்தார், பாதி உடம்பைக் காலிலேயே தாங்கிக்கொண்டு. பலகை லேசாகக் கேட்டது. மூச்சைப் பிடித்து அப்படியே இருந்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முழுப் பாரத்தையும் விட்டுச் சாய்ந்தார். அந்த நீளமான முனகல் அறை முழுக்க வந்து நின்றது. நாற்பது வினாடி முடிந்தும் யாரும் அசையவில்லை.

அவள் பதிவை நிறுத்தினாள். நாத்தனார் எழுந்திருக்கவில்லை.

“நம்ம அப்பா நாற்காலி ஒண்ணு இருந்துச்சு” என்றார், தம்பியைப் பார்த்து. “நாம யாருமே உக்காந்ததில்ல, இல்லடா? அப்பா போனப்புறமும்.”

“வீடு காலி பண்ணினப்போ நீதானே அதைத் தூக்கிப் போடச் சொன்ன” என்றான் அவன். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது.

“ஆமா” என்றார் நாத்தனார். “ஒரு கால் உடைஞ்சிருந்துச்சு.”

நாலே முக்காலுக்குப் பதிவு இயக்குநருக்குப் போய்ச் சேர்ந்தது. ஐந்தரைக்குப் போன் வந்தது. “உக்காந்தது யாரு? இது உங்க உடம்பு இல்லையே” என்றார்.

“என் நாத்தனார் சார்.”

“அவங்க கிட்ட ரொம்ப நன்றின்னு சொல்லுங்க” என்றார். குரல் தணிந்துதான் இருந்தது. முதல் தடவையாக அது கோபத்தால் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை தச்சர் ரம்பமும் பலகைகளுமாக வந்தார். காலியான அறையைச் சுற்றிவந்து தட்டித் தட்டிப் பார்த்தார். மூலைக்குப் போனதும் பலகை முனகியது.

“இதுதாம்மா இருக்கறதுலேயே மோசம். முதல்ல இதைப் பேத்துடலாம்.”

சத்தக்காரி வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் போய் அந்தப் பலகை மேல் ஏறி நின்றுகொண்டார். “மத்த எதை வேணும்னாலும் எடுங்க” என்றார். “இதுல மட்டும் கை வைக்காதீங்க. லேபிள் ஒட்டியிருக்கு, பாக்கலையா?”

தச்சர் குனிந்து பார்த்தார். நாத்தனாரின் காலுக்குப் பக்கத்தில், பலகையின் ஓரத்தில், விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் ஒட்டிய ஒரு சின்ன வெள்ளை லேபிள் இருந்தது. கிடங்கில் ஒட்டுகிற மாதிரியே மூன்று வரி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தச்சர் அதை வாய்விட்டுப் படித்தார்.

“அப்பா. எண்ணெய் விடக் கூடாது. காலாவதி இல்லை.”